டீசலும் 20 காசு பையும்: கார்பன் வரியை யார் கட்டுவது?

#1
செந்தூல்காரன் | கோலாலம்பூர்

2025 தீபாவளி முறுக்கு தீர்ந்துவிட்டது. பெட்ரோல் விலைப் பேச்சு மட்டும் வீட்டில் தீரவில்லை. அதனால் இங்கே கொண்டு வந்து போடுகிறேன்.

நேற்று வேலை முடிந்து வரும் வழியில் என் மைவி காருக்கு பெட்ரோல் போட்டேன். மைகாட்டை (அடையாள அட்டையை) செருகியதும் லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசு. செப்டம்பர் கடைசியில் இந்த மானியத் திட்டம் வந்ததிலிருந்து மாதம் 300 லிட்டர் வரை எனக்கு இந்த விலைதான். அதற்கு முன்பு எல்லாருக்கும் 2 வெள்ளி 5 காசு. ஆக 6 காசு குறைந்திருக்கிறது. சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து செய்தியைப் பார்த்தால், 2026இல் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கார்பன் வரி என்கிறார்கள். போன வருஷ பட்ஜெட்டிலேயே சொன்னதுதான். நான் ஒரு சின்ன ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். ஒரே பேரேட்டில் இந்தப் பக்கம் புகைக்கு மானியம், அந்தப் பக்கம் புகைக்கு வரி என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினால் முதலாளி என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

இன்னொன்று. மாதம் 300 லிட்டர் யாருக்கு வேண்டும்? என் மைவி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும். 300 லிட்டர் என்றால் 4,500 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 150. நான் செந்தூலிலிருந்து தினம் தஞ்சோங் மாலிம் பக்கம் போய் டீ குடித்துவிட்டு வந்தால்தான் தீரும்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நக்கலுக்குக் கேட்கவில்லை.

#2
பிறை_லோரி | செபராங் பிறை

தம்பி, பெட்ரோலுக்கு 6 காசு குறைந்ததைப் பேசுகிறீர்கள். டீசல்காரன் கதையைக் கேளுங்கள்.

2024 ஜூன் 10. முதல் நாள் மதியம் அறிவிப்பு. அன்று ராத்திரி எண்ணெய் நிலையத்தில் லோரி வரிசை சாலை முனைவரை நின்றது. நானும் நின்றேன். மூன்று லோரியில் இரண்டுக்குத்தான் ரொப்ப முடிந்தது. விடிந்தால் 2 வெள்ளி 15 காசு 3 வெள்ளி 35 காசாகிவிட்டது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே. தீபகற்பத்தில் இருப்பவன்தான் கொழுத்தவன் போல.

என் ஒரு லோரிக்கு ஒரு நாளைக்கு 120 லிட்டர் சுமார். கூடுதல் செலவு மட்டும் 144 வெள்ளி. சரக்கு லோரிக்கு மானிய கார்டு உண்டு, அதில் அடித்தால் பழைய 2.15தான் என்றார்கள். உண்மைதான், கிடைத்தது. எப்போது? ஏழு வாரம் கழித்து. ஒரு லோரி இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தது, அதை மாற்றாமல் கார்டு கிடையாது. தப்பு எங்கள்மேலும் உண்டு. ஆனால் அந்த ஏழு வாரம் சரக்கு கொடுக்கிறவர் வாடகையை ஏற்ற மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். ஒரு லோரியை விற்றேன். இப்போது இரண்டுதான்.

அப்போது யாரும் என்னிடம் பருவநிலை என்று வாய் திறக்கவில்லை. மானியக் கசிவு, கடத்தல், தாய்லாந்து எல்லை, இவ்வளவுதான். இனி இதற்கு மேல் கார்பன் வரி என்றால் நான் எங்கே போவது?

#3
கணக்குப்புள்ளி | பிரிக்பீல்ட்ஸ்

பொருளியல் முதுகலை படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். பெட்ரோலுக்கு 2.3 கிலோ. ஒரு லிட்டர் எண்ணெயே ஒரு கிலோ எடை இல்லையே என்று போன வாரம் என் தம்பி மடக்கினான். காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்கிறது, அதனால்தான்.

இப்போது பிறை அண்ணனின் டீசல். ஒரே இரவில் ஏறியது லிட்டருக்கு 1 வெள்ளி 20 காசு. 2.7ஆல் வகுங்கள். கிலோவுக்கு 44 காசு, டன்னுக்கு 444 வெள்ளி. சிங்கப்பூரில் கார்பன் வரி 2019இல் டன்னுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளியில் தொடங்கியது. 2024இல் 25 ஆனது, 2026இல் 45 ஆகிறது. அந்த 45 நம் பணத்தில் 150க்குப் பக்கத்தில் வரும். அதுவும் ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியேற்றும் பெரிய ஆலைகளுக்கு மட்டும். அதாவது, வரி என்ற பேச்சே இல்லாமல், சிங்கப்பூர் மின் நிலையங்கள் கட்டப்போவதைப்போல் மூன்று மடங்கு விலையை அண்ணன் ஏழு வாரம் கட்டியிருக்கிறார்.

அடுத்து மைவி. மானியமில்லாத விலை 2 வெள்ளி 60 காசு என்று தொடங்கினார்கள். நாம் கொடுப்பது 1.99. இடையில் 61 காசு. 2.3ஆல் வகுத்தால் டன்னுக்கு 265 வெள்ளி. நாம் ஒவ்வொரு டன் புகை விடும்போதும் அரசாங்கம் 265 வெள்ளியை நம் கையில் வைக்கிறது.

ஆர்தர் பிகு என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் 1920இல் சொன்னது ரொம்ப எளிமையானது: நீ செய்யும் வேலையால் அடுத்தவன் தலையில் விழும் செலவை விலையிலேயே சேர்த்துவிடு, உனக்கே அடக்கம் வரும். நாம் பிகுவைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். செந்தூல் அண்ணன் கேட்ட பேரேட்டுக் கேள்விக்கு என் பதில்: ஆமாம், இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது, மானியப் பக்கம் மிகப் பெரியது. 2022இல் பெட்ரோல், டீசல், சமையல் கேஸ் மானியம் மட்டும் 50 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது.

#4
மாங்காய்_ஊறுகாய் | ஜெலுத்தோங்

அப்படியென்றால் என் கார் எனக்குத் தெரியாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது. நான்தான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.

#5
பட்டர்வொர்த்_டீச்சர் | பட்டர்வொர்த்

கணக்கு நன்றாக இருக்கிறது பாப்பா. ஆனால் விலை ஏறினால் மனிதர் மாறுவாரா என்பதைப் பினாங்குக்காரர்களிடம் கேட்க வேண்டும். நாங்கள் பையில் பார்த்துவிட்டோம்.

2009இல் திங்கட்கிழமை மட்டும் கடையில் பிளாஸ்டிக் பை இலவசம் இல்லை என்று ஆரம்பித்தார்கள். 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும். வேண்டுமென்றால் 20 காசு. என் மாமியார் அப்போது இருந்தார். 80 வெள்ளிக்கு மீன் வாங்குவார், அதில் பேரம் பேச மாட்டார், மீன்காரர் அவருக்கு ஊர்க்காரர். ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் அந்த 20 காசுக்கு ஒரு ரணகளமே நடக்கும். ‘பைக்கா காசு? பைக்கா?’ என்று கல்லாவில் இருக்கும் பெண்ணைக் கேட்டுவிட்டு, வாங்கிய பன்னிரண்டு சாமானையும் சேலை முந்தானையில் ஏந்திக்கொண்டு கார்வரை நடந்தார். சோப்புக் கட்டி ஒன்று வழியில் விழுந்தது. அடுத்த வாரத்திலிருந்து வாசல் கதவு ஆணியில் இரண்டு துணிப்பை தொங்கியது. அவர் போன பிறகும் அந்த ஆணியில் பை இருக்கிறது.

80 வெள்ளியில் 20 காசு என்ன பெரிய பணம்? பணமே இல்லை. இலவசமாக வந்துகொண்டிருந்ததற்கு விலை சொன்னார்கள், அது உறைத்தது. அதோடு, மாற்றுவழி ஆணியில் தொங்கியது. செலவில்லாத மாற்று. அந்தக் காசு ஏழைகளுக்கான நிதிக்குப் போகிறது என்று கடையில் எழுதி ஒட்டியதால் சண்டையும் சீக்கிரம் அடங்கியது.

என் வீட்டிலிருந்து கிளினிக் போக அப்படி ஓர் ஆணி எங்கே இருக்கிறது? பஸ் நிறுத்தம் 900 மீட்டர். கூரை இல்லை. முட்டி வலியோடு நான் நடந்துபோய் நின்றால் பஸ் எப்போது வரும் என்று பிள்ளையாருக்குத்தான் தெரியும். பெட்ரோல் 3 வெள்ளி ஆனாலும் நான் கார்தான் எடுப்பேன், முனகிக்கொண்டே எடுப்பேன். எல்ஆர்டி ரயில் கட்டத் தொடங்கிவிட்டார்கள், வரட்டும், பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை அரசாங்க ஆள் என்பீர்கள். முன்பு அந்த இலவசப் பையில்தான் குப்பை கட்டுவோம். அது நின்றதும் கறுப்புக் குப்பைப் பை சுருள் வாங்க ஆரம்பித்தோம். பிளாஸ்டிக் ஒரு கதவில் வெளியே போய் இன்னொரு கதவில் உள்ளே வந்தது. முழுசாக அல்ல, கொஞ்சம்.

#6
முன்னாள்_ஸ்ரீமூடா | கெப்போங்

விலை போடலாமா வேண்டாமா என்று பேசுகிறீர்கள். விலை ஏற்கெனவே வசூலாகிக்கொண்டிருக்கிறது. ரசீதுதான் கொடுப்பதில்லை.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பில் எங்கள் வீடு. சாயங்காலம் வாசலில் கணுக்கால் தண்ணீர். துணியைச் சுருட்டிக் கதவடியில் வைத்தோம். இரவு ஒன்பது மணிக்கு இடுப்பு. ஐஸ்பெட்டி மிதக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அது மெதுவாகத் திரும்பி, கதவு திறந்து, உள்ளே இருந்த இட்லி மாவு டப்பா மட்டும் தனியாக மிதந்து ஹாலுக்குப் போனது. நான்கு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏன் அதைப் பார்த்தோம் என்று இப்போதும் புரியவில்லை. மறுநாள் யாரோ ஒருவர் சொந்தப் படகில் வந்து ஏற்றிக்கொண்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

கார் போயிற்று. முழுக் காப்புறுதி இருக்கிறதே என்று தைரியமாகப் போனால், வெள்ளத்துக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டுமாம். என் காருக்கு அது வருஷத்துக்கு நூறு வெள்ளியைச் சுற்றி வந்திருக்கும். வெள்ள உதவித் தொகை 1,000 வெள்ளி வந்தது. மெத்தை, அடுப்பு, பிள்ளைகளின் பள்ளி உடுப்பு, அதோடு சரி. கார் கடனை இன்னும் இரண்டு வருஷம் கட்டினேன், இல்லாத காருக்கு. டீச்சருக்கு 20 காசு வலித்ததென்றால் எனக்கு மாதம் 480 வெள்ளி.

அந்த வெள்ளங்களால் நாட்டுக்கு 6.1 பில்லியன் வெள்ளி இழப்பு என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. எல்லாவற்றையும் பருவநிலை மேல் போடாதீர்கள், அதையும் சொல்கிறேன். வடிகால் தூர்ந்து கிடந்தது, தாமான் தாழ்வான இடம், நீரேற்று பம்பு பற்றி ஆளுக்கொரு கதை. கூடுதலாகச் சூடான காற்று கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், மழை கொட்டும்போது கொட்டும். அது வந்து சேர்ந்த இடம் ஏற்கெனவே பழுதான இடம்.

கோலாலம்பூர் நகர நடுவுக்கு 2007இல் ஸ்மார்ட் என்ற வெள்ளநீர்ச் சுரங்கம் திறந்தார்கள். 9.7 கிலோமீட்டர், ஏறக்குறைய 1.9 பில்லியன் வெள்ளி. லாப நஷ்டக் கணக்கு போட்டால் அது சரியாகத்தான் வரும், ஏனென்றால் அங்கே காப்பாற்றப்படும் நிலமும் கட்டடமும் விலை உயர்ந்தவை. எங்கள் தாமானுக்கு அதே கணக்கைப் போடுங்கள். நான்கு பேர் குடும்பம், ஒரு மைவி, ஓர் ஐஸ்பெட்டி. கணக்கு தேறாது. கணக்குப்புள்ளி தங்கச்சி, இதற்கு உங்கள் பிகு என்ன சொல்கிறார்?

#7
கணக்குப்புள்ளி | பிரிக்பீல்ட்ஸ்

அண்ணே, பிகுவிடம் இதற்குப் பதில் இல்லை. லாப நஷ்டக் கணக்கில் ஒரு வெள்ளி யார் கையில் இருந்தாலும் ஒரு வெள்ளிதான். அதனால் பணக்காரன் சொத்து எப்போதும் முதலில் காப்பாற்றப்படும். ஏழையின் இழப்புக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிடும் முறையும் உண்டு, பிரிட்டன் அரசாங்கம் தன் திட்ட மதிப்பீட்டு வழிகாட்டியில் அதை அனுமதிக்கிறது. இங்கே அந்த எடையை யார் போடுவது என்பதுதான் சண்டை.

இட்லி மாவு டப்பாவை நானும் மறக்க மாட்டேன்.

#8
பிறை_லோரி | செபராங் பிறை

ஸ்ரீமூடா தம்பி எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துறைமுக வாசலில் கன்டெய்னர் ஏற்ற இரண்டு மணி, மூன்று மணி நிற்போம். டிரைவர் இன்ஜினை அணைக்க மாட்டான், ஏர்கானில் தூங்குவான். பதினைந்து வருஷமாக இதுதான் வழக்கம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு, மூன்று லிட்டர் சும்மா எரியும். டீசல் 3.35 ஆன முதல் வாரமே பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 35 வெள்ளிக்கு பேட்டரி ஃபேன் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். இன்ஜினை அணைத்தார்கள். திட்டிக்கொண்டேதான், ஆனால் அணைத்தார்கள். திரும்பி வரும்போது காலி லோரியாக வராமல் புக்கிட் மெர்தாஜாமில் சரக்கு பிடித்து வரவும் பழகினோம். நாளுக்குப் பத்து லிட்டர் மிச்சம்.

ஏழு வாரத்தில் கார்டு வந்தது. 2.15. இப்போது ஃபேன் இரண்டும் வீட்டில் பரண்மேல் கிடக்கின்றன.

#9
செந்தூல்காரன் | கோலாலம்பூர்

அண்ணே, தங்கச்சி தன் ஆய்வுக்கட்டுரையில் உங்கள் ஃபேனைப் போடாவிட்டால் நான் போடுவேன்.

#10
போல்ட்_நட் | பிறை

நான் பிறை தொழிற்பேட்டையில் திருகாணி, போல்ட் செய்யும் ஓர் ஆலையில் ஏற்றுமதிப் பகுதியில் இருக்கிறேன். கார்பன் வரி எங்கிருந்து வருகிறது என்று இங்கே யாரும் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன். அது புத்ராஜெயாவில் பிறந்ததில்லை. பிரசல்ஸில் பிறந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தன் ஆலைகளை கார்பன் அனுமதிச்சீட்டு வாங்க வைக்கிறது. அங்கே விலை கூடினால் ஆலைகள் நம் பக்கம் வந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அதனால் வெளியிலிருந்து வரும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இவற்றுக்கு எல்லையில் கார்பன் கட்டணம். 2023 அக்டோபரில் கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் இறங்கும் சரக்குக்குக் காசு. போல்ட், நட்டும் பட்டியலில் உண்டு. ஆலைக்காரர்களுக்கு இது முதலில் நம்ப முடியவில்லை, ‘நாம் இரும்பு உருக்குவதே இல்லையே, கம்பி வாங்கித் திருகு போடுகிறோம்’ என்றார்கள்.

ஜெர்மனியில் எங்களிடம் வாங்குகிறவர் ஒரு படிவம் அனுப்பினார். ஒவ்வொரு டன் போல்ட்டுக்கும் எவ்வளவு கார்பன், கம்பி எந்த உலையில் வந்தது, மின்சாரம் எவ்வளவு. கம்பி விற்றவரிடம் கேட்டால் போனை எடுக்கவில்லை. 2024 ஜூலை வரை பொத்தாம்பொதுவான மதிப்பைப் போட்டு ஒப்பேற்றினோம். அதற்குப் பிறகு உண்மையான எண் கேட்டார்கள். நிலக்கரி போட்டு ஊது உலையில் செய்தால் ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கும் மேல் கரியமில வாயு. பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் ஒரு டன்னுக்கும் கீழே. ஆனால் நம் மின்சாரத்திலேயே நிலக்கரி பெரும்பங்கு, அதையும் படிவத்தில் எழுதச் சொன்னார்கள்.

முக்கியமான சங்கதி: பொருள் செய்த நாட்டிலேயே கார்பன் விலை கட்டியிருந்தால் அதை அங்கே கழித்துக்கொள்ளலாம். அதாவது நாம் வரி போடாவிட்டால் அந்தப் பணம் மிச்சமாகாது, ஐரோப்பாக் கருவூலத்துக்குப் போகும். வரி போட்டால் இங்கே தங்கும். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எங்கள் முதலாளியே ‘சீக்கிரம் போடட்டும்’ என்கிறார், அவர் வரி என்றாலே முகம் சுளிக்கிற மனிதர்.

பிறை அண்ணே, உங்கள் லோரிக்கு இது நேராக வராது. எங்கள் போல்ட்டின் விலையில் சுற்றி வரும்.

#11
தோட்டத்துப்_பிள்ளை | நிபோங் திபால்

வரி வேண்டாம், கார்பன் வரவு (குறைத்த புகைக்குக் கிடைக்கும் சான்று) விற்கலாம், சந்தை பார்த்துக்கொள்ளும் என்று யாராவது வருவதற்குள் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

செம்பனை ஆலையில் பாய்லர் ஆள் நான். பழக்குலையை வேகவைத்துப் பிழிந்தபின் வரும் கழிவுநீர் பழுப்புக் குழம்பு மாதிரி இருக்கும், அதைக் குளம் குளமாக விடுவார்கள். அது புளித்து மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 27, 28 மடங்கு சூடேற்றும். நான் முன்பு இருந்த ஆலையில் குளத்தைத் தார்பாய் மாதிரி கனத்த விரிப்பால் மூடி, வாயுவைக் குழாயில் பிடித்து எரித்தார்கள். கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தில் அதற்கு வரவுச் சான்று, அதை ஐரோப்பாவில் விற்றால் பணம். விரிப்பு உப்பி நிற்கும், பிள்ளைகள் ஏறிக் குதிக்க ஆசைப்படும், விரட்டுவோம். தோட்டத்தில் நாற்றம் போனது. அம்மா வாசலில் உட்கார்ந்து பசியாற ஆரம்பித்தார்கள்.

2012க்குப் பிறகு அந்தச் சான்றின் விலை ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. பராமரிக்க ஆகும் செலவுகூடத் திரும்பவில்லை. விரிப்பு ஒரு மூலையில் கிழிந்தது, யாரும் தைக்கவில்லை. நாற்றம் திரும்பி வந்தது. அம்மா நாற்காலியை உள்ளே தூக்கிப்போட்டுக்கொண்டார்கள்.

பிற்பாடு சில ஆலைகள் அதே வாயுவில் மின்சாரம் எடுத்து விற்கின்றன, அது நிலைத்து நிற்கிறது, ஏனென்றால் விலை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. 2022 டிசம்பரில் புர்சா பங்குச் சந்தையும் ஒரு கார்பன் சந்தை திறந்தது. நல்லது. ஆனால் அடித்தள விலை ஒன்று இல்லாமல் சந்தையை நம்பி விரிப்பு போடச் சொன்னால் நான் முதலில் ஊசி நூல் வாங்கிவைப்பேன்.

#12
நிர்வாகி

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தக் கட்சிக்கு ஓட்டு போட வேண்டும் என்பதற்கு வேறு இழை இருக்கிறது. இது எண்ணெய், போல்ட், இட்லி மாவு இழை.

#13
சுங்கை_மூடா | சுங்கை டுவா

பினாங்குக்காரர்கள் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். நம் குழாயில் வரும் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அதன் நீர்ப்பிடிப்புக் காடு உலு மூடா, கெடாவில். அந்தக் காட்டை வெட்டாமல் இருந்தால் நமக்கு லாபம், வெட்டினால் கெடாவுக்கு வருமானம். ஆண்டுக்கு 50 மில்லியன் வெள்ளி கொடு என்று அவர்கள் கேட்பதும், ஆறு எங்கள் எல்லையிலும் ஓடுகிறது, காசு கிடையாது என்று இவர்கள் சொல்வதும் பல வருஷமாக நடக்கிறது. வழக்கறிஞர் பாஷையில் பினாங்கு சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நிற்கிற மரத்துக்கு யாரும் காசு கொடுக்காவிட்டால், விழுந்த மரத்துக்குக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

2019 முதல் மத்திய அரசாங்கம் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குத் தனி நிதி தருகிறது, 2025 பட்ஜெட்டில் அது 250 மில்லியன். நாடு முழுக்கச் சேர்த்து. தங்கச்சி சொன்ன 50 பில்லியன் மானியத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள்.

#14
செந்தூல்காரன் | கோலாலம்பூர்

எனக்கு இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, பேரப்பிள்ளை காலத்து நஷ்டத்துக்கு இன்றைக்கு எவ்வளவு செலவழிப்பது? அதை யார் கணக்குப் போட்டார்கள்? இரண்டு, பெட்ரோல் மானியத்தை எடுத்துவிடு என்று சொல்வது சுலபம். எடுத்தால் தெருவில் இறங்க மாட்டார்களா?

#15
கணக்குப்புள்ளி | பிரிக்பீல்ட்ஸ்

முதல் கேள்வி எங்கள் துறையின் தீராத பங்காளிச் சண்டை. கூட்டு (சீட்டு) போட்டவர்களுக்குச் சட்டென்று புரியும்: கடைசியில் எடுக்கிறவனைவிட முதலில் எடுக்கிறவன் ஏன் தொகையைத் தள்ளுபடி செய்து எடுக்கிறான்? இன்றைய நூறு நாளைய நூறைவிடப் பெரிது. எவ்வளவு பெரிது என்பதில்தான் எல்லாம்.

50 ஆண்டு கழித்து 100 வெள்ளி நஷ்டம் வரப்போகிறது. பிரிட்டனில் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006இல் வருங்காலப் பணத்தைக் குறைத்து மதிப்பிட எடுத்த விகிதம் ஏறக்குறைய ஆண்டுக்கு 1.4 விழுக்காடு. அப்படியானால் அதைத் தடுக்க இன்றைக்கு 50 வெள்ளி செலவழிக்கலாம். சந்தை வட்டியை ஒட்டிப் போக வேண்டும் என்றவர்களில் முக்கியமானவர் வில்லியம் நார்ட்ஹவுஸ், 2018இல் நோபல் வாங்கியவர். 4.5 விழுக்காடு என்று வைத்தால் 11 வெள்ளிதான். நம் ஈபிஎஃப் சேமநிதி 2024க்குக் கொடுத்த 6.3 விழுக்காட்டைப் போட்டால் 5 வெள்ளிகூட இல்லை. (விலைவாசி ஏற்றத்தைக் கழிக்க வேண்டும், அவசரத்துக்குப் போட்டேன், டீச்சர் அடிக்க வராதீர்கள்.) அறிவியல் எதுவும் மாறவில்லை. விகிதம் மாறியது, பேரன் சுருங்கிவிட்டான். நான் ஸ்டெர்ன் கட்சி, ஏனென்றால் பேரன் நம்மிடம் கூட்டு போடவில்லை, அவனுக்குப் பதிலாக நாமே சீட்டை எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாதது. பிரான்சில் 2018இல் எண்ணெய் வரியை ஏற்றப்போய் மஞ்சள் சட்டைக்காரர்கள் சாலையை மறித்தார்கள், அரசாங்கம் பின்வாங்கியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008இல் டன்னுக்கு 10 டாலரில் தொடங்கி, வந்த பணத்தை மற்ற வரிகளைக் குறைத்துத் திருப்பிக் கொடுத்தது, பல வருஷம் அமைதியாக ஓடியது. பிறகு கனடா நாடு முழுக்க அதைக் கொண்டுவந்து வீடு வீடாகப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் 2025 ஏப்ரல் 1இல் பொதுமக்கள் மீதான கட்டணம் போய்விட்டது. எண்ணெய் நிலையத்தில் விலைப் பலகை தினம் கண்ணில் பட்டது, வங்கியில் விழுந்த பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் எதற்கென்று பலருக்குத் தெரியவில்லை.

இங்கேதான் நமக்கு ஒரு வசதி இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் மைகாட்டில் 100 வெள்ளி வந்ததே, மளிகை வாங்கினோமே? அதே குழாயில் பெட்ரோல் மானியத்தைத் திருப்பிவிடலாம். விலை முழுசாக ஏறட்டும். உங்களுக்கு இதுவரை லிட்டர் கணக்கில் கொடுத்ததைத் தலைக் கணக்கில் கொடுக்கட்டும். மோட்டார் ஓட்டுகிறவருக்கும் கார் இல்லாத பாட்டிக்கும் லாபம். இரண்டு கார், மூன்று கார்காரருக்குத்தான் கையைக் கடிக்கும். மை50 பாஸில் 50 வெள்ளிக்கு மாதம் முழுக்க ரயில் ஏறுகிற எனக்கும் லாபம், அதனால் என் சொந்த ஆசையும் இதில் கலந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

#16
பட்டர்வொர்த்_டீச்சர் | பட்டர்வொர்த்

தலைக்குக் கொடுத்தால் கை நீட்டி வாங்கிக்கொள்வேன். ஆனால் ஆணி எங்கே என்று கேட்டேனே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு பிரிக்பீல்ட்ஸில் வாசலில் ரயில். அக்கரைக்கு ஃபெரி ஏறி இறங்கிய பிறகு எனக்கு என்ன இருக்கிறது? மீதிப் பணத்தில் கொஞ்சம் பஸ்ஸுக்குப் போகட்டும். நிறுத்தத்துக்கு ஒரு கூரையாவது.

#17
முன்னாள்_ஸ்ரீமூடா | கெப்போங்

கொஞ்சம் வடிகாலுக்கும். ரசீதோடு.

#18
பிறை_லோரி | செபராங் பிறை

எல்லாரும் என் டீசல் காசைப் பங்கு போட்டாயிற்று. நல்லது.

நான் கேட்பது ஒன்றுதான். ஏற்றுவதாக இருந்தால் முதல் நாள் மதியம் சொல்லி மறுநாள் விடிகாலையில் ஏற்றாதீர்கள். மூன்று வருஷத்துக்கு எந்த மாதம் எத்தனை காசு என்று இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். அதைக் காட்டி சரக்குக்காரரிடம் நான் வாடகை பேசுவேன், பழைய லோரியை எப்போது மாற்றலாம் என்று வங்கியில் பேசுவேன். சிங்கப்பூரில் 5, 25, 45 என்று முன்கூட்டியே சொல்லித்தான் ஏற்றினார்கள் என்று தங்கச்சி எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. அப்படியானால் கார்டு இல்லாமலும் நான் ஓட்டப் பார்ப்பேன். பார்ப்பேன் என்றுதான் சொல்கிறேன்.

போல்ட் தம்பி, உங்கள் ஜெர்மன் படிவத்தில் லோரி கூலிக்கும் ஒரு கட்டம் இருக்கிறதா? பத்து லிட்டர் மிச்சம் பிடித்தால் அதை உங்கள் முதலாளி வாடகையில் ஏற்றித் தருவாரா?

#19
போல்ட்_நட் | பிறை

அண்ணே, எல்லைக் கட்டணப் படிவத்தில் லோரிக்குக் கட்டம் இல்லை. ஆனால் வாங்குகிறவர் தனியாக ஒரு தாள் கேட்கிறார், அதில் போக்குவரத்து உண்டு, இதுவரை வெறுமையாக விட்டுத்தான் அனுப்புகிறோம். திங்கட்கிழமை முதலாளியிடம் பேசுகிறேன். நாள்வாரியாக லிட்டர் கணக்கும் வாசலில் நின்ற நேரமும் உங்களிடம் எழுதி இருக்குமா?

#20
பிறை_லோரி | செபராங் பிறை

டிரைவர் நோட்டில் இருக்கிறது. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஃபேனையும் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறேன், ஒன்றில் பேட்டரி செத்துவிட்டதாம்.